பூட்டிய தொட்டிக்குள் பினாயில்

துப்பறிவாளனுக்கு மூக்கு முக்கியம். என்னிடமும் ஒன்று இருக்கிறது. மூக்குக்கண்ணாடி வழுக்கி விழாமல் பார்த்துக்கொள்கிறது. அதற்கு மேல் அதனிடம் நான் எதையும் எதிர்பார்ப்பதில்லை. சைனஸ் தொந்தரவு வந்ததிலிருந்து மல்லிகைப் பூவும் மண்ணெண்ணெயும் எனக்கு ஒன்றுதான்.

இந்த ரகசியம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி என் மனைவி சாரதா. பால் தீய்ந்துபோன நாட்களில் அவளுக்கு இது மிகவும் வசதி. இன்னொருத்தி என் உதவியாளர் வின்னி. பெங்களூருக்கு விடியற்காலை ரயிலில் போய் கால்சென்டரில் ஊராரின் திட்டை வாங்கிக்கொண்டிருந்தவள், "திட்டுறதுக்கு ஒரு ஆள் வேணும் பாஸ், அதான் உங்ககிட்ட வந்தேன்" என்று சொல்லி என்னிடம் வேலைக்குச் சேர்ந்தாள்.

ராபர்ட்சன்பேட்டையில் மாடியில் இருக்கிறது எங்கள் 'நந்தகுமார் துப்பறியும் நிலையம்'. அன்று காலை நான் உள்ளே நுழைந்ததும் வின்னி நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

"இன்னா பாஸ், ஆஸ்பத்திரில இருந்து டிஸ்சார்ஜ் ஆகி நேரா வர்றீங்களா? உங்க சட்டை ஜெனரல் வார்டு மாதிரி மணக்குது."

"சுத்தம் வின்னி. சாரதா துவைத்தால் அப்படித்தான்."

"போன மாசம்லாம் இப்படி இல்லையே. டிபன் இன்னா?"

"உப்புமா."

"போன வாரம் தண்ணி வந்த அன்னிக்கு அக்கா மாவு அரைச்சாங்க, இட்லி வரும்னு நாக்கைத் தொங்கப் போட்டீங்களே?"

அது ஒரு மாதமாகத் தொடரும் சோகம். எங்கள் லைனில், அதாவது சுரங்கத் தொழிலாளர்களுக்கென்று கட்டிய வரிசை வீடுகளில், குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு ஒரு தடவைதான் வரும். அது வரும் நாளெல்லாம் எங்கள் சமையற்கட்டில் கிரைண்டர் 'உர்ர்ர்' என்று ஓடும். ஆனால் மறுநாள் தட்டில் விழுவது உப்புமா. கல்யாணமான ஆண்கள் இதையெல்லாம் துப்பறிவதில்லை என்று வின்னியிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது டெய்சி உள்ளே வந்தாள்.

டெய்சி எனக்குப் பக்கத்து வீடு. ஊரிகம் லைனில் எங்கள் வரிசையில் முதலில் என் வீடு, நடுவில் டெய்சி வீடு, அடுத்தது கங்காதரன் வீடு. டெய்சியின் புருஷன் மைன்ஸ், அதாவது தங்கச் சுரங்கம், மூடின பிறகு வேலை தேடிப் போய், திரும்பி வராதவர். அவள் வீட்டிலேயே பினாயில் தயாரித்து ஸ்கூலுக்கும் கிளினிக்குக்கும் கொடுத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறாள். கடன் கேட்டோ கண்ணீர் விட்டோ நான் அவளைப் பார்த்ததே கிடையாது. அன்று அவள் கண் சிவந்திருந்தது.

"நந்தண்ணா, ஒரு மாசமா என் பினாயில எவனோ திருடறான்."

"பாட்டிலா?"

"பாட்டில் இல்ல. டிரம்ல கலக்கி வெக்கிறேன் பாருங்க, அது கொறையுது. தண்ணி வர்ற அன்னிக்குத்தான் கலக்குவேன். கொழாய்ல ட்யூப மாட்டி, டிரம்முக்குள்ள வுட்டு வெச்சிடுவேன். தண்ணி வந்தா தானே ரொம்பி, தானே கலங்கிக்கும். நின்னப்புறம் வந்து பாத்தா பாதி டிரம் இல்ல."

"கதவு?"

"நான் உள்ளதான் இருப்பேன், தாப்பா போட்டது போட்டபடி கீது."

நான் தாடையைத் தடவினேன். சிந்திக்கும்போது நான் செய்வது அது. சிந்தனை வராதபோதும் அதைத்தான் செய்வேன்.

"வேற எதுனா திருட்டுப் போச்சாக்கா?" என்றாள் வின்னி.

"ஒண்ணும் போகல. மாதா படத்துக்கு முன்னாடி மோதிரம் வெச்சிருந்தேன். அது அப்படியே கீது."

"தங்கத்தை வுட்டுட்டு பினாயில் எடுக்கிறான். ரொம்ப சுத்தமான திருடன் பாஸ்."

படிக்கட்டில் தடதடவென்று சத்தம் கேட்டது. வந்தவர் கங்காதரன். ஆண்டர்சன்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருப்பவர். இடுப்பில் சாவிக்கொத்து, நெற்றியில் விபூதி, வாயில் சண்டை. டெய்சியைக் கண்டதும் அப்படியே நின்றார்.

"ஓ, மகாராணி முந்திக்கினாளா? நந்தகுமாரு, இவ என் சம்ப்ல பினாயில ஊத்தறா!"

சம்ப் என்பது முற்றத்தில் தரைக்குக் கீழே கட்டியிருக்கும் தண்ணீர்த் தொட்டி. கங்காதரன் வீட்டில் குடிப்பதும் சமைப்பதும் அந்தத் தண்ணீரில்தான். கேன் தண்ணீரைச் 'செத்த தண்ணி' என்பார். ஒரு மாதமாகவே அதில் லேசாக ஏதோ வாடை வந்ததாம். பாத்திரம் விளக்கின பவுடர் என்று நினைத்தார்களாம். போன வாரம் அதைக் குடித்த அவர் மருமகள் சுமா வாந்தி எடுத்து மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி படுத்திருந்தாள். சுமா வயிற்றில் ஆறு மாதக் குழந்தை. மகன் பெங்களூரில் வேலையில் இருந்தான்.

"கொழந்தைக்கு எதுனா ஆகியிருந்தா?" என்றார் கங்காதரன். கத்திக்கொண்டே வந்தவருக்கு அந்த இடத்தில் குரல் உடைந்தது. "ரெண்டு வீட்டு நடுச்செவுரு சண்டையை மனசுல வெச்சிகினு வயித்துப் புள்ளக்காரிக்கு விஷம் வெக்கிறா நந்தகுமாரு."

"நானா?" டெய்சி எழுந்துவிட்டாள். "சுமாவுக்கு மாங்கா ஊறுகா போட்டுக் குடுத்தது யாரு? நானா விஷம் வெப்பேன்?"

"உன்கிட்ட தான் பினாயில் கீது!"

"அத்த தான் எவனோ திருடறான்!"

நான் இருவருக்கும் நடுவில் புகுந்தேன். இரண்டு பக்கமும் ஒவ்வொரு இடி வாங்கிய பிறகு கேள்விக்கு வந்தேன்.

"போலீசுக்குப் போகலையா?"

"சாயங்காலம் கடையை மூடிட்டு நேரா ஸ்டேஷனுக்குத்தான் போறேன். ஆனா சம்ப்புக்கு பூட்டு கீதே. சாவி என் இடுப்புல கீது. பூட்டைத் தொறக்காம எப்படி ஊத்தினாள்னு அவங்க கேப்பாங்க இல்ல? அத்த நீ கண்டுபிடிச்சுக் குடு."

அவர் இறங்கிப் போனார். டெய்சி நகரவில்லை.

"அண்ணா, ஸ்டேஷனுக்கு இட்டுகினு போயிட்டாங்கன்னா அப்புறம் எந்த ஸ்கூல்காரன் என் பினாயில வாங்குவான்? லைன்ல எல்லாரும் என்ன விஷக்காரின்னு சொல்லுவாங்க. நான் எங்க போவேன்?" என்றாள். அழாமல்தான் சொன்னாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அவள் போனதும் வின்னி சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஒரு வீட்ல காணாம போவுது. பக்கத்து வீட்ல வந்து சேருது. ரெண்டுமே பூட்டின கதவுக்குள்ள."

"ஆகவே, டெய்சியிடம் திருடி கங்காதரன் தொட்டியில் ஊற்றும் மூன்றாவது ஆள் ஒருவன் இருக்கிறான்" என்றேன், கம்பீரமாக.

"அவன் சாவித் துவாரத்துல நுழையற சைஸ்ல இருப்பான் இல்ல பாஸ்?"

*

அன்று எங்கள் லைனுக்குத் தண்ணீர் நாள். மதியத்துக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் வரும். எப்போது என்று விடுபவருக்கே தெரியாது. அதனால் யாரும் குழாயை மூடி வைப்பதில்லை. திறந்த குழாயில் ட்யூபை மாட்டி, மறுமுனையைக் குடத்திலோ டிரம்மிலோ அடிவரை அமுக்கிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். நின்ற பிறகும் மூட மாட்டார்கள். ஒருவேளை மறுபடி வந்தால்?

என் சொந்தத் தெருவில் நான் பூதக்கண்ணாடியோடு நடப்பதைப் பார்த்து, எதிர் வீட்டுக்காரர் செயின் எதுவும் தொலைந்துவிட்டதா என்று அக்கறையாகக் கேட்டார். அவருக்குப் பதில் சொல்லாமல் கங்காதரன் வீட்டு வாசலுக்குப் போனேன். அங்கே ஒரு சங்கடம் இருந்தது. வாசலிலேயே, குழாய்க்குப் பக்கத்தில், தகரத்தால் செய்த நாய்க்கூண்டு. மேலே சிவப்பு எழுத்தில் 'நாய் ஜாக்கிரதை'. அந்த நாயின் உறுமலை நான் என் வீட்டிலிருந்தே பல தடவை கேட்டிருக்கிறேன். வழக்குக்காக உயிரையும் கொடுப்பேன். கெண்டைக்கால் சதையை மட்டும் கொடுக்க மாட்டேன். எனவே கூண்டுக்கு எட்டாத தூரத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டு முற்றத்துக்குள் போனேன்.

சுமா கதவைத் திறந்தாள். முகம் வெளுத்திருந்தது. "வாங்க அங்கிள். சாவி குடுத்துட்டுப் போயிருக்காரு மாமா."

சம்ப்பின் இரும்பு மூடியில் பெரிய பூட்டு. கீறல் இல்லை, நெம்பின தடம் இல்லை. மூடியின் விளிம்பில் என் சுண்டு விரல்கூட நுழையவில்லை. நுழைத்துப் பார்த்தது தப்பு. அதை வெளியே எடுக்கச் சுமா தேங்காய் எண்ணெய் கொண்டுவர வேண்டியதாயிற்று.

"புரிந்துவிட்டது" என்றேன், விரலை ஊதிக்கொண்டே. "மேலே வழி இல்லை என்றால் கீழே. இந்த ஊருக்கு அடியில் முழுக்கச் சுரங்கம். பழைய லெவல், அதாவது சுரங்கப் பாதை, ஏதோ ஒன்று டெய்சி வீட்டுக்கும் இந்தத் தொட்டிக்கும் நடுவில் போகிறது."

வின்னி கைகட்டி நின்றாள். "மைன்ஸ் லெவல்லாம் எவ்வளவு ஆழத்துல கீது பாஸ்? உங்க அப்பா தினம் மைன்ஸ் லிஃப்ட்டு கேஜ்ல எறங்கினவரு, அவர் சொல்லலையா? பினாயில் ஷிஃப்ட் முடிஞ்சு கேஜ்ல ஏறி மேல வந்துச்சா?"

அவள் என்னை விட்டுவிட்டுச் சுமாவிடம் திரும்பினாள். "வாடை எப்பவுமே இருந்துச்சா சுமா? இல்ல, எந்த வாரமாச்சும் இல்லாம இருந்துச்சா?"

சுமா யோசித்தாள். "ஒரு வாரம் நல்லா இருந்துச்சுக்கா. டிரான்ஸ்ஃபார்மர் வெடிச்சு நாள் பூரா கரென்ட் இல்லையே, அந்த வாரம். தண்ணி கூட ரொம்பக் கம்மியாத்தான் ரொம்புச்சு."

வின்னி சுவருக்கு மேல் எட்டிக் கூப்பிட்டாள். "டெய்சிக்கா! டிரான்ஸ்ஃபார்மர் வெடிச்ச வாரம் பினாயில் கொறைஞ்சுதா?"

"அந்த வாரம் ஒரு சொட்டு கொறையல!" என்று பதில் வந்தது.

என் மூளை பளிச்சென்றது. "வின்னி! திருடனுக்கு இருட்டென்றால் பயம்!"

"பாஸ், தண்ணி வர்றது பட்டப்பகல்ல."

நான் மறுபடியும் தாடையைத் தடவினேன்.

சுரங்க வழியை நான் அத்தனை சீக்கிரம் கைவிடுவதாக இல்லை. வாடைக்குப் பயந்து சம்ப்பைக் கழுவிக் காய வைத்திருந்தார்கள். உள்ளே இறங்கிச் சுவரைத் தட்டிப் பார்க்க இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. பூட்டைத் திறந்து, வின்னி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல உள்ளே இறங்கினேன். பூமிக்கடியில் ஒரு மைலுக்கு மேல் போய்வந்து எங்கள் குடும்பத்தைக் காப்பாற்றியவர் என் அப்பா. அவர் மகனான நான் மளிகைக் கடைக்காரரின் தண்ணீர்த் தொட்டியில் கழுத்தளவு இறங்கி, ஏறும்போது தொப்பை இடித்து உள்ளேயே மாட்டிக்கொண்டேன்.

"சுரங்கம் கீதா பாஸ்?"

"சுவர் உறுதியாக இருக்கிறது. என்னை இழு."

"இழுக்கறேன். மொதல்ல ஒரு செல்ஃபி எடுத்துக்கறேன்."

அப்போது லைன் முழுக்க 'தண்ணி! தண்ணி!' என்று குரல்கள் எழுந்தன. கங்காதரன் வீட்டுக்குள் சுவிட்ச் போடும் சத்தம் கேட்டது. அடுத்த நொடி வாசலில் நாய் உறுமத் தொடங்கியது. அதற்கடுத்த நொடி, தொட்டிச் சுவரில் என் தலைக்கு நேர் மேலே இருந்த குழாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்து என் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போனது.

நனைந்தபடியே யோசித்தேன். வேறு எதுவும் செய்ய முடியாத நிலை என்பதால் அன்று உண்மையாகவே யோசித்தேன். எங்கள் லைன் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வரும். குடம் நிறைவதற்குள் ஒரு தூக்கம் போடலாம். இங்கே மட்டும் ஏன் தீயணைப்பு வண்டி மாதிரி அடிக்கிறது?

"வின்னி! அந்த நாய்..."

"அதைத்தான் பாக்கப் போறேன்" என்றாள் அவள். காலடிச் சத்தம் வாசல் பக்கம் போனது. தகரக் கதவு கிறீச்சிட்டது. பிறகு அவள் சிரிப்பு கேட்டது. அந்தச் சிரிப்பை நான் அறிவேன். கால்சென்டர் நாட்களில் போனை 'மியூட்'டில் போட்டுச் சிரித்துப் பழகியவள், இப்போது மியூட் இல்லாமல் சிரித்தாள்.

"பாஸ், கங்காதரன் நாய்க்கு நாலு கால் இல்ல. பித்தளை மூக்கு, ரப்பர் வாலு. தண்ணி வர்ற அன்னிக்கு மட்டும் உறுமும். கரென்ட் இல்லன்னா தூங்கிடும்."

நாய்க்கூண்டுக்குள் இருந்தது ஒரு மோட்டார். தெருக் குழாயில் நேரடியாக மாட்டியிருந்தார்கள்.

*

என்னை வெளியே இழுத்தபின், கங்காதரனின் துண்டைப் போர்த்திக்கொண்டு சுமாவிடம் விசாரித்தேன். பாவம், அவள் எதையும் மறைக்கவில்லை.

"மாமா தான் போன மாசம் வெச்சாரு அங்கிள். அதிகாரிங்க வந்தா புடுங்கிட்டுப் போயிடுவாங்கன்னு கூண்டு செஞ்சு மூடிட்டாரு. தண்ணி சத்தம் கேட்டா நான் சுவிட்ச் போடணும். தண்ணி நின்னாலும் ஆஃப் பண்ணக் கூடாதும்பாரு. பைப்புல மிச்சம் இருக்கறதும் நம்முதுதானாம். கடைசி சொட்டு வரைக்கும் இழுக்கணும்."

வின்னி என்னைப் பார்த்தாள். நான் வின்னியைப் பார்த்தேன். இந்த ஒரு தடவை இருவருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது என்று நான் பதிவு செய்ய விரும்புகிறேன். வின்னி இதை மறுப்பாள்.

ஸ்கூட்டரில் பெட்ரோல் தீர்ந்தால் நண்பன் வண்டி டேங்கில் ட்யூபை விட்டு வாயால் உறிஞ்சுவோமே, அதுதான் சங்கதி. தெருவில் தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள். கங்காதரனின் மோட்டார் மட்டும் உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. பைப்பில் தண்ணீர் தீர்ந்தால் அது எங்கிருந்து இழுக்கும்? பக்கத்தில் எந்தக் குழாய் திறந்து கிடக்கிறதோ, எந்த ட்யூப் எந்த டிரம்மில் மூழ்கிக் கிடக்கிறதோ, அங்கிருந்து. டெய்சி வீட்டு டிரம்மில் அடிவரை அமுக்கிய ட்யூப், கலக்கி வைத்த பினாயில், மூடாத குழாய். நீரை உள்ளே கொண்டுவந்த அதே வழியாகப் பினாயில் வெளியே போனது. கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு, தொட்டிக்குப் பூட்டு உண்டு. பைப்புக்கு எதுவும் கிடையாது.

"அப்போ பினாயில திருடினது?" என்றாள் சுமா மெதுவாக.

"உங்க மாமா தான். தானே திருடி, தானே தொட்டில ஊத்திகினு, தானே கம்ப்ளெயின்ட் குடுத்திருக்காரு" என்றாள் வின்னி.

சுமாவின் கை அவள் வயிற்றுக்குப் போனது. "சுவிட்ச் போட்டது நானு" என்றாள்.

சொன்னால் கங்காதரன் நம்பமாட்டார். கண்ணால் பார்த்தால்தான் நம்புவார். தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. டெய்சி அன்று பயத்தில் பினாயில் கலக்கவே இல்லை. அவள் டிரம் கழுவிச் சுத்தமாக நின்றது. முனைக்கடையில் ரோஸ்மில்க் எசன்ஸ் பாட்டில் வாங்கி வந்து அதில் முழுவதையும் கவிழ்த்தேன். டிரம் நிறைந்து, திருவிழாக் கடை போலச் சிவந்து நின்றது. டெய்சி ட்யூபை வழக்கம்போல அடிவரை அமுக்கினாள்.

வின்னி கங்காதரனுக்குப் போன் செய்து, "குற்றவாளியைப் புடிச்சிட்டோம், உடனே வாங்க" என்றாள். அவர் கடையைக்கூட மூடாமல் வந்தார். அவர் பின்னாலேயே பாதி லைன் வந்தது. இந்த ஊரில் சினிமா டாக்கீஸ் குறைந்ததிலிருந்து சண்டைக்கு நல்ல கூட்டம்.

"எங்க அவ?" என்றார்.

"பொறுங்க. தண்ணி நிக்கட்டும்" என்றேன். துண்டோடு நின்றதால் என் குரலில் எதிர்பார்த்த கம்பீரம் வரவில்லை.

தண்ணீர் நின்றது. தெருக் குழாய்களில் சொட்டுச் சத்தமும் அடங்கியது. வாசலில் நாய் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"உங்க நாய்க்கு இன்னும் பசி அடங்கல போல கீதே" என்றாள் வின்னி.

கங்காதரனின் முகம் மாறியது. "அது... ஜாதி நாய். அப்படித்தான்."

"தொட்டிக்குள்ள பாருங்க."

அவர் குனிந்தார். கூட்டமும் குனிந்தது. குழாயிலிருந்து தெளிந்த தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. இந்த முறையும் தப்பாகப் போனால் நான் பக்கத்துக் கிராமமான பூதிகோட்டைக்குப் போய்த் தக்காளி பயிரிட வேண்டியதுதான். அப்போது விழும் தண்ணீரில் ஒரு இளஞ்சிவப்பு இழை ஓடியது. பிறகு இரண்டு. பிறகு மொத்தத் தண்ணீரும் ரோஜா நிறத்தில் கொட்டத் தொடங்கியது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து டெய்சி கத்தினாள். "கொறையுது! நந்தண்ணா, யாருமே இல்ல, டிரம் கொறையுது!"

கங்காதரன் நிமிரவில்லை. மெல்ல முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நான் நாய்க்கூண்டின் கதவைத் திறந்து காட்டினேன். விளக்கமாகப் பேச நினைத்து வைத்திருந்தேன். அந்த மனிதரின் முகத்தைப் பார்த்ததும் பாதியிலேயே விட்டுவிட்டேன். பேராசைக்காரர்தான். ஆனால் தன் மருமகளுக்குத் தானே விஷம் வைத்தோம் என்று தெரியவந்த மனிதரிடம் பேசுவதற்கு ஒன்றும் இல்லை.

டெய்சி வாசலில் வந்து நின்றாள். "என்ன விஷக்காரின்னு சொன்னீங்களே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

வழக்கு முடிந்தது. கூட்டம் என்னைப் புதிய மரியாதையோடு பார்த்தது. துண்டைச் சரிசெய்துகொண்டு, "துப்பறிவது என்றால் கண்ணெதிரே இருப்பதைக் கவனிப்பது" என்று ஆரம்பித்தேன்.

"இன்னாங்க!"

என் வீட்டு வாசலிலிருந்து சாரதா வேகமாக வந்தாள். கையில் என்னுடைய வெள்ளைச் சட்டை. அதாவது, காலை வரை வெள்ளையாக இருந்த சட்டை. இப்போது அது அழகான ரோஸ்மில்க் நிறத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

"தண்ணி இன்னாத்துக்கு ரோஸ் கலர்ல வருது? நல்ல சட்டை போச்சே!"

வின்னி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் உதடு மட்டும் துடித்தது.

"சாரதா, தண்ணீர் நின்று நேரமாகிவிட்டதே. உனக்கு எப்படி..."

"மோட்டார்ல தான். கிரைண்டருக்குப் பின்னாடி வெச்சிருக்கனே."

"நம் வீட்டில் மோட்டாரா? எப்போதிலிருந்து?"

"ஒரு மாசமா ஓடுது. நீங்க என்னிக்கு சமையக்கட்டுக்குள்ள வந்தீங்க பாக்கறதுக்கு?"

கிரைண்டர் சத்தமும் வராத இட்லியும் ஜெனரல் வார்டு சட்டையும் என் கண்முன் வரிசையாக வந்து நின்று வணக்கம் வைத்தன. ஊரார் வீட்டு நாய்க்கூண்டைத் திறந்து காட்டிய நான், ஒரு மாதமாக டெய்சியின் பினாயிலில் துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, அதே பினாயில் எங்கே போனது என்று பூதக்கண்ணாடியோடு தேடியிருக்கிறேன்.

"வாசனைகூட வரலையா உனக்கு?" என்றேன், கடைசி முயற்சியாக.

"வந்துச்சு. துணி சுத்தமா மணக்குதுன்னு சந்தோஷமா இருந்தேன். குடிக்கத்தான் கேன் தண்ணி கீதே."

கூட்டம் சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று. கங்காதரன்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தார். குற்றவாளிக் கூண்டில் தனக்கு ஒரு துணை கிடைத்ததில் அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்த மாதிரி இருந்தது.

சிரிக்காதவள் சுமா ஒருத்திதான். உள்ளே போய்ச் சுவிட்சை நிறுத்தினாள். வாசல் உறுமல் நின்றது. பிறகு கங்காதரனைத் தாண்டி, கூட்டத்தைத் தாண்டி, டெய்சியின் முன்னால் போய் நின்றாள்.

"டெய்சிக்கா, தாகமா இருக்கு. குடிக்கத் தண்ணி குடுங்க."

கங்காதரன் வீட்டு ஆட்கள் டெய்சி வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்து இந்த லைனில் யாரும் பார்த்ததில்லை. ஊறுகாய்கூடச் சுவருக்கு மேலாக, மாமனார் கடையில் இருக்கும்போதுதான் போகும். ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒரு மாதமாகப் பைப் வழியாக அவள் டிரம்மைக் குடித்துக்கொண்டிருந்தது எந்தக் கணக்கிலும் வராது.

டெய்சி கங்காதரனைப் பார்த்தாள். சுமாவைப் பார்த்தாள். உள்ளே போய் டம்ளரைக் கழுவினாள். மோந்து பார்த்துவிட்டு மறுபடி கழுவினாள். கேனில் பிடித்துக் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினாள். சுமா நின்றபடியே முழுவதையும் குடித்துவிட்டு, டம்ளரைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். இன்னும் வேண்டும் என்பதைப் போல. டெய்சி அழுதது அப்போதுதான்.

கங்காதரன் தரையில் கையை ஊன்றி எழுந்தார். வாசலைத் தாண்டி வந்தார். ஸ்டேஷனுக்குத்தான் கிளம்புகிறாரோ என்று ஒரு கணம் பயந்தேன்.

"எனக்கும் ஒரு டம்ளர் குடும்மா" என்றார். யார் முகத்தையும் பார்க்காமல்தான் கேட்டார். கொடுத்ததும் வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு, "அந்த ட்யூப இனிமே டிரம்முக்குள்ள அமுக்காத. ஒரு சாண் மேல தொங்க வுடு. நான் இந்த எழவ இன்னிக்கே கழட்டிடறேன்" என்று கூண்டைக் காட்டினார். மன்னிப்பு என்று அவருக்குச் சொல்ல வந்தது அதுதான் போலிருக்கிறது.

எனக்கும் தொண்டை வறண்டிருந்தது. தொட்டியில் விழுந்து, சட்டை போய், மானம் போய், மிச்சமிருந்த ஒரு துண்டோடு நானும் கையை நீட்டினேன்.

"எனக்கும் ஒரு டம்ளர், டெய்சி."

டெய்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டம்ளரை என்னிடம் நீட்டவில்லை. என் வீட்டுப் பக்கம் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தாள். அப்போதுதான் எனக்கும் அந்தச் சத்தம் கேட்டது.

"மொதல்ல வீட்டுக்குப் போயி மோட்டார ஆஃப் பண்ணிட்டு வாங்கண்ணா" என்றாள். "இன்னும் என் டிரம்மக் குடிச்சிகினு தான் கீது."